அத்தை சாப்பிடாத மருந்துக்கும் 'ஆர்' எப்படி வந்தது?

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. சர்க்கரை உண்டு. இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தடவை டாக்டர் எழுதிய மாத்திரையில் மூன்றே நாளில் சரியானது. அடுத்த இரண்டு தடவையும் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கினோம். எரிச்சல் நின்றதும் அத்தை நிறுத்திவிடுவார். மிச்சமிருந்த மாத்திரையைச் சளி, உடம்பு வலி என்றாலும் எடுத்துப் போட்டுக்கொள்வார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கல்ச்சர் எடுத்ததில் பாதிக்கு மேல் மருந்துகளுக்கு நேராக 'ஆர்' என்று போட்டிருக்கிறது, அவர் ஒருநாளும் சாப்பிடாத ஊசி மருந்துகளுக்கும்கூட. ஒரு வாரம் தினமும் ஊசி போட வேண்டுமாம். பக்கத்து வீட்டு அக்கா 'உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு' என்கிறார். பாதியில் நிறுத்தியதுதான் காரணமா? என் எட்டு வயது மகனுக்கும் சளி பிடிக்கும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம். அவனுக்கும் இப்படி ஆகுமா? (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு ரிப்போர்ட்டின் நகலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இருபது வருடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரி நுண்ணுயிரியல் லேபில் உட்கார்ந்து இதே மாதிரி ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: 'ஒருநாளும் சாப்பிடாத ஊசி மருந்துகளுக்கும்கூட'. கல்ச்சர் ரிப்போர்ட்டோடு வருகிறவர்களில் அநேகம் பேர் இதைக் கேட்பதில்லை. இதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டு கேள்விக்கும் பாதி விடை கிடைத்த மாதிரி.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகும். வலி மாத்திரை சிலவற்றுக்கும் பழகும். ஆன்டிபயாட்டிக் வேலை செய்வது பாக்டீரியாவின் மேல். அத்தையின் உடம்பு இரண்டு வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அவருக்குள் குடியிருக்கும் பாக்டீரியா மாறியிருக்கிறது. அதுவும் பழகிப் பழகி மாறவில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்கள் லேபுக்குள் ஒரு நிமிடம் வாருங்கள்.

கல்ச்சர் என்றால் சிறுநீரில் இருக்கும் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது. அப்படி வளர்ந்த பாக்டீரியாவை ஒரு தட்டில் சீராகப் பூசி, மேலே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, இரவு முழுக்க 35 டிகிரி சூட்டில் விட்டுவிடுவோம். காலையில் தட்டெல்லாம் பாக்டீரியா படர்ந்திருக்கும். மருந்து பலிக்கிற வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறும் இடம் தெரியும். அந்த வட்டத்தை அளந்துதான் 'எஸ்', 'ஆர்' என்று எழுதுகிறோம். 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. சில நாள் அந்த வெறும் வட்டத்துக்கு நடுவில் கடுகில் பாதி அளவில் ஒரே ஒரு புள்ளி வளர்ந்து நிற்கும். சுற்றியிருந்த கூட்டம் மொத்தமும் செத்த இடத்தில் அது மட்டும் பிழைத்திருக்கிறது. அதை எடுத்துப் புதுத் தட்டில் பூசி அதே வில்லையை வைத்தால், பல நேரம் மறுநாள் வட்டமே விழாது.

அந்த ஒன்று மருந்தைப் பார்த்த பிறகு எதிர்க்கக் கற்றுக்கொண்டதா, முன்னாடியே அப்படி இருந்ததா? 1952-ல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற விஞ்ஞானத் தம்பதி இதற்கு அழகான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மருந்தே படாத தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை வெல்வெட் துணியில் ஒற்றி எடுத்து, முத்திரை குத்துவதுபோல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த தட்டுகளில் ஒற்றினார்கள். ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில்தான் புள்ளி முளைத்தது. பிறகு முதல் தட்டுக்குத் திரும்பி அதே இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து வளர்த்து, மருந்தையே பார்த்திராத, ஆனால் மருந்தைத் தாங்குகிற பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார்கள். ஆக, தாங்குகிறது கூட்டத்தில் முன்பே இருந்தது. மருந்து செய்ததெல்லாம் மற்றவற்றைக் கொன்று, இடத்தையும் சாப்பாட்டையும் அதற்கு விட்டுக்கொடுத்ததுதான்.

முன்பே எப்படி இருக்கும் என்றால், கணக்கைப் பாருங்கள். அத்தையின் ரிப்போர்ட்டில் ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல் ஈ. கோலை என்று இருக்கிறது. சிறுநீர்ப் பையில் 200 மில்லி இருந்தால் 2 கோடி. வசதியான சூழலில் இந்தப் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பிரியும்போது அதன் 46 லட்சத்துக்கும் அதிகமான மரபு எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பதில் சுமார் ஆயிரத்தில் ஒரு பாக்டீரியாவுக்கு ஓர் எழுத்து பிசகும். பிசகிய எழுத்தில் பெரும்பாலானவை பயனற்றவை, சில கெடுதலானவை. ஆனால் 2 கோடியில் 20 ஆயிரம் பிசகு, அதுவும் ஒரே தலைமுறையில். அவற்றில் ஏதோ ஒன்று மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் போதும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு இது பாதி விடைதான். ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு மருந்து கேட்காமல் போகலாம். ஒரே நேரத்தில் ஏழெட்டு மருந்து, அதில் வாயிலேயே படாதவையும் எப்படிப் போகும்?

இந்தப் புதிரை முதலில் சந்தித்தவர்கள் ஜப்பானியர்கள். 1950-களில் அங்கே சீதபேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஷிகெல்லா என்ற பாக்டீரியா சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் என நான்கு மருந்துக்கும் ஒரே சமயத்தில் அடங்காமல் இருந்தது. நோயாளியின் குடலில் இருந்த சாதாரண ஈ. கோலையைச் சோதித்தால் அதுவும் அதே நான்குக்கும் அடங்கவில்லை. 1959-ல் இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து பார்த்து விடையைக் கண்டார்கள்: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதிர்ப்பு கைமாறுகிறது. பாக்டீரியாவின் முக்கிய மரபுத் தொகுப்புக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சின்ன வளையம் ஒன்று இருக்கும். நான்கு மருந்தை முறியடிக்கும் நான்கு மரபணுவும் ஒரே வளையத்தில் கோத்திருக்கும். பக்கத்திலிருக்கும் பாக்டீரியாவோடு ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் சரி. ஒரு கொத்துச் சாவியைக் கைமாற்றுவது மாதிரி. ஒரு கதவைத் திறக்க வாங்கியவனிடம் மற்ற கதவுகளின் சாவியும் வந்துவிடுகிறது.

அத்தையின் ரிப்போர்ட்டில் 'இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று கீழே ஒரு வரி இருக்கிறதே, அதன் பொருள் இதுதான். பென்சிலினையும், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றையும் உடைத்துப்போடும் ஒரு நொதியை அந்த ஈ. கோலை சுரக்கிறது. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகை சி.டி.எக்ஸ்-எம்-15, 1999-ல் டெல்லியில் எடுத்த மாதிரிகளிலிருந்துதான் அது முதலில் விவரிக்கப்பட்டது. அந்தக் குடும்பத்து மரபணுக்கள் குளுவேரா என்ற, ஆளைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாத, மண்ணிலும் நீரிலும் காணப்படும் பாக்டீரியாவிலிருந்து கிளம்பி வந்தவை. இப்படிப்பட்ட மரபணுக்கள் நம் மருந்துகளைவிட ரொம்பப் பழையவை. கனடாவின் யூகான் பகுதியில் 30 ஆயிரம் வருடம் உறைந்து கிடந்த மண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. மண்ணில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று விரட்டச் சுரப்பவைதானே நாம் மருந்தாக எடுத்துக்கொண்டவற்றில் பல. மருந்து இருந்த இடத்தில் மாற்றும் இருந்திருக்கிறது. அதை மண்ணிலிருந்து மனிதக் குடலுக்குக் கொண்டுவந்து, அங்கே பெருக வைத்தது நம் காலத்து மருந்துப் புழக்கம்.

இப்போது குடல். நீர்க்கடுப்பு சிறுநீர்ப் பையில் வருகிறது, ஆனால் அதைக் கிளப்பும் ஈ. கோலையின் சொந்த வீடு குடல். உங்கள் பக்கத்துக் காட்டு அனுபவத்தையே சொல்கிறேன். மஞ்சள் காட்டில் ஒரு களைக்காக மருந்து அடிக்கிறோம். விழுவது அந்தக் களை மேல் மட்டுமா? காடு முழுக்க விழுகிறது. மென்மையான புல்லெல்லாம் கருகும். மண்ணுக்கடியில் கிழங்கு வைத்திருக்கும் கோரை தப்பிக்கும். இரண்டு மூன்று வருடம் அதே மருந்தை அடித்தால் காடே கோரையாகிவிடும். அத்தை விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் அப்படித்தான். சிறுநீர்ப் பைக்குள் இருந்தவை சில கோடி. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப்போல லட்சம் மடங்குக்கும் மேல். சளிக்காகப் போட்ட மாத்திரைக்குச் சளியில் வேலையே இல்லை, ஏனென்றால் சளி வைரஸால் வருவது. ஆனால் குடலில் அதற்கு முழு வேலை இருந்தது. ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பு இல்லாதவை குறைந்தன, சாவிக்கொத்து வைத்திருந்தவை பரவின. பிறகு ஒருநாள் அங்கிருந்து சிறுநீர்ப் பைக்கு இறங்கியது அந்தக் கூட்டம். ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவரிடம் எதிர்ப்புள்ள பாக்டீரியா அதிகமாக இருப்பது முதல் மாதத்தில் மிகத் தெளிவாகவும், ஒரு வருடம் வரையிலும்கூட தெரிகிறது என்று 2010-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பாதியில் நிறுத்தியதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது நாளில் நிறுத்தியதைவிட, தேவையில்லாமல் ஆரம்பித்ததுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. 'கோர்ஸை முழுசா முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும்' என்று நாங்கள் எல்லோரும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சின் வேர் பழையது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் தன் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானாகவே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் எதிர்ப்போடு தேறிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. பென்சிலின் பலிக்காமல் மனைவி இறந்துபோகிறார். கடையில் பென்சிலின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கும் முன்பே இதைச் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதையில் அவர் சொன்ன கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டையைப் பிடிக்கும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இத்தனை வருடப் புழக்கத்துக்குப் பிறகும், இன்றுவரை பென்சிலினுக்கு அடங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அடங்காமல் போனவை, நாம் குறிவைக்காத நேரத்திலும் தோலிலும் குடலிலும் குடியிருந்து எல்லா மருந்தையும் வாங்கிக்கொண்ட ஸ்டெஃபைலோகாக்கஸும், ஈ. கோலையும், கிளெப்சியெல்லாவும்.

குறைந்த அளவில் போடுவது தவறு. வேளை தவறுவதும், 'ரெண்டுக்குப் பதில் ஒண்ணு போதும்' என்று குறைப்பதும் தவறு. ஆனால் நாள் கூடக் கூடக் குடலில் எதிர்ப்பு இல்லாதவை சாவதும் எதிர்ப்புள்ளவை பரவுவதும் நடந்துகொண்டே இருக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இப்போது மருந்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாளோடு முடிக்கிறார்கள். எத்தனை நாள் என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

டிபி மட்டும் இதில் சேராது. நுரையீரலில் குழி விழுந்த டிபியில் 10 கோடிக்கு மேல் கிருமி இருக்கலாம். ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காதது பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் இயற்கையாகவே இருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் தப்பிப்பது நிச்சயம். இரண்டுக்கும் சேர்ந்து தப்பிக்கும் கிருமி அத்தனை கோடியிலும் இருக்காது. அதனால்தான் பல மருந்தைக் கலந்து, பல மாதம் கொடுக்கிறார்கள். அந்த நீண்ட சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே எடுத்துக்கொண்டு குணமாகலாம் என்று உலகுக்கு நிரூபித்ததும் 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான். டிபி மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது. இந்தப் பதிலைப் படிக்கிற யாரும் அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகன் விஷயம். மூக்கு ஒழுகி, இருமி, இரண்டு நாள் காய்ச்சலடிக்கும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். மஞ்சளாகச் சளி வந்தாலே வேண்டும் என்பதும் சரியில்லை. மூச்சு வாங்குகிறது, விலா உள்ளிழுக்கிறது, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நிற்கிறது, காது வலிக்கிறது, பிள்ளை சோர்ந்து கிடக்கிறான் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் தொண்டையைப் பார்த்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று முடிவுசெய்தால், மேலே சொன்னபடி பழைய பென்சிலினோ அமாக்ஸிசிலினோ போதும், 'பவர்' கூடியது தேவையில்லை. அந்த ஒரு நோய்க்கு மட்டும், இதய வால்வைக் கெடுக்கும் கீல்வாதக் காய்ச்சல் வராமல் தடுக்கவே, பத்து நாள் முழுதாகக் கொடுப்பார்கள். மற்ற நேரங்களில் 'இது இல்லாமல் சரியாகுமா?' என்று நீங்களே கேளுங்கள். அம்மா எதிர்பார்க்கிறார் என்று நினைத்து எழுதுகிற டாக்டர்களும் உண்டு, எங்கள் தரப்பின் பெரிய குறை அது. நீங்கள் கேட்டாலே அவருக்குச் சீட்டைச் சுருக்கத் துணிவு வரும். பாட்டியும் பேரனும் ஒரே வீட்டில் இருக்கும்போது குடல் பாக்டீரியாவும் கைமாறும். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பாட்டில் கைவைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் இருவருக்கும் வேண்டும்.

இப்போது அத்தைக்குச் சொல்லியிருக்கும் ஊசி. அது கார்பபெனம் வகை. இ.எஸ்.பி.எல். கிருமிக்கு உறுதியாகக் கேட்கும். ஆனால் அதற்கு மேலே படி அதிகமில்லை. அதையும் உடைக்கும் நொதி ஒன்றை, இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய நோயாளியிடம் 2008-ல் ஸ்வீடனில் கண்டார்கள். என்.டி.எம்-1 என்று பெயர். 2010-ல் வந்த பெரிய ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச் முதல் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியல் மருந்தை விற்றால் யார் எழுதியது, யாருக்கு என்று மெடிக்கலில் பதிவேடு வைத்து மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். மாத்திரை அட்டையில் இடப்பக்கம் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பழைய சீட்டு அதற்குள் அடங்காது. 2019 என்ற ஒரே வருடத்தில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாகி இறந்தவர்கள் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ரிப்போர்ட்டில் நைட்ரோபியூரன்டாயின், பாஸ்போமைசின் இரண்டுக்கும் நேராக 'எஸ்' இருக்கிறது. அத்தைக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி எதுவும் இல்லாமல் எரிச்சலும் அடிக்கடி போவதும் மட்டும் இருந்தால், சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால், இவற்றில் ஒன்றே போதுமா? நைட்ரோபியூரன்டாயின் 1950-களிலிருந்து இருக்கும் மருந்து. சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு சிறுநீரில் போய்ச் சேருவதால் பெருங்குடலை அதிகம் கலைப்பதில்லை. பாக்டீரியாவின் பல பாகங்களை ஒரே நேரத்தில் தாக்குவதால் ஒற்றைப் பிசகில் அதனிடமிருந்து தப்பிக்கவும் முடிவதில்லை. காய்ச்சலோ விலா வலியோ இருந்தால் ஊசியே சரி, ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, சிறுநீரை அடக்காமல் இருப்பது, டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாவிட்டால் நிறையக் குடிப்பது, இவை திரும்ப வருவதைக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் குறைக்கும். கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் நீங்கள் அத்தைக்காகக் கேளுங்கள்.

இனி மருந்தைக் குறைத்தால் பழையபடி ஆகுமா என்றால், ஓரளவுக்கு ஆகும். பின்லாந்தில் எரித்ரோமைசின் போன்றவற்றின் புழக்கத்தைக் குறைத்த பிறகு, ஸ்ட்ரெப்டோகாக்கஸில் அதற்கு அடங்காதவை 1992-ல் 16.5 சதவீதமாக இருந்து 1996-ல் 8.6 ஆனது. பிரிட்டனில் அப்படி நடக்கவில்லை. சல்பா மருந்துச் சீட்டு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரத்திலிருந்து 7 ஆயிரமாக இறங்கியும், 1991-க்கும் 1999-க்கும் இடையில் ஈ. கோலையின் எதிர்ப்பு 40 சதவீதத்திலிருந்து 46-க்கு ஏறியது. சாவிக்கொத்து ஞாபகம் இருக்கிறதா? வேறு மருந்துகள் புழக்கத்தில் இருந்ததால் அந்த வளையம் அப்படியே நீடித்தது, சல்பாச் சாவியும் கூடவே நீடித்தது. அத்தையின் குடலிலும் இது மெதுவாகத்தான் மாறும். ஒரு வருடமாவது தேவையற்ற மாத்திரை எதுவும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம்; சாக்கடையிலும் கொட்ட வேண்டாம்.

இந்த ரிப்போர்ட்டை ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம், எந்த நோய்க்குப் போனாலும் காட்டுங்கள், அத்தை ஆபரேஷனுக்குப் போனாலும் சரி. எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவெடுக்க அது அவருக்கு உதவும். சிகிச்சை முடிந்து எரிச்சல் நின்றுவிட்டால், 'கிருமி போச்சா பார்ப்போம்' என்று மறுபடி கல்ச்சர் கொடுக்காதீர்கள். இந்த வயதுப் பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் ஈ. கோலை இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதை ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் தவிர, அதற்கு மருந்து தேவையில்லை. தொந்தரவு திரும்பினால் மட்டும், மாத்திரை எதுவும் போடும் முன், முதலில் சிறுநீரைக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.